நாட்சம்பளமும் வேப்பநிழலும்

வன்னியில் வளவு துப்புரவாக்க ஆள் பிடிப்பதென்றால் இரண்டு வழி உண்டு. ஒன்று கொந்தராத்து, மற்றது நாட்சம்பளம். கொந்தராத்துக்கு வந்தவர் வேம்புக்குக் கீழே துவாயை விரித்துப் படுத்தாலும் வீட்டுக்காரருக்குக் கவலையில்லை. "வேலை முடிஞ்சாச் சரி" என்பார். அதே ஆள் நாட்சம்பளத்துக்கு வந்து அதே வேம்பின் கீழ் கொஞ்சம் குந்தினால், விறாந்தையில் இருப்பவருக்குப் பொறுக்காது. எதற்காவது அந்தப் பக்கம் வந்து ஒருமுறை செருமிவிட்டுப் போவார். வேலைக்குத்தான் காசு கொடுக்கிறோம் என்பது மறந்து, அந்த மனிசனின் பகல் முழுவதையும் வாங்கிவிட்டதாக ஒரு நினைப்பு.

இப்போது பல வளவுகளில் விறாந்தையில் ஆளே இல்லை. வீட்டுக்காரர் லண்டனில் இருப்பார், மருமகன் கையில் போன் இருக்கும். ஆடி மாதத்தில் லண்டனில் காலை ஏழரை என்றால் கிளிநொச்சியில் நண்பகல் பன்னிரண்டு. அவர் எழும்பித் தேத்தண்ணியோடு வட்ஸ்அப்பில் வளவைப் பார்க்கிற நேரமும், இங்கே சனம் நிழலுக்கு ஒதுங்குகிற நேரமும் ஒன்றுதான். எங்கள் அயலில் ஒருநாள் அப்படித்தான் நடந்தது. போன் வளவைச் சுற்றி வந்து வேம்படியில் நின்றது.

"தம்பி, உவங்கள் ஏன் குந்திக்கொண்டிருக்கிறாங்கள்? நாட்சம்பளமெல்லே?"

"மாமா, இஞ்ச இப்ப உச்சி வெய்யில்."

மருமகன் மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் மாமாவின் குரல் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. வேலையாட்களில் மூத்தவர் பாதி குடித்த தேத்தண்ணியை வேரடியில் வைத்துவிட்டு அலவாங்கை எடுத்தார். காய்ந்து இறுகிய மண்ணிலிருந்து ஈச்சம்பற்றையை வேரோடு கிளப்புகிற வேலை அது. நாலு குத்துக் குத்திவிட்டு மூச்சு வாங்காமல் ஐந்தாவதைக் குத்தினால், அலவாங்கு வேரில் வழுக்கிக் காலுக்குத்தான் வரும்.

மாமாவின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. இரவு வேலை செய்து மிச்சம் பிடித்த காசு, கண்ணுக்கெட்டாத தூரம், ஏமாற்றியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர் இருக்கும் நாட்டில், ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவருக்கு இடையில் 20 நிமிட ஓய்வு 1998 முதல் சட்டப்படி உரிமை. அதை அனுபவிக்கிறவர்களே ஊர் வளவென்றதும் வேறு கணக்குப் போடுகிறார்கள்.

நாட்கூலிக்கு வருகிறவர்கள் யார் என்பதையும் பார்க்கவேண்டும். 1958, 1977, 1983 வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்களில் பலர். பாட்டன் தேயிலைத் தோட்டத்தில் கங்காணியின் கண்ணுக்குக் கீழே நின்றார். பேரன் போனின் கண்ணுக்குக் கீழே நிற்கிறார்.

இதே மண்ணில் ஓய்வை வேலையின் பங்காக மதித்த இடமும் இருக்கிறது. போருக்குப் பிறகு முகமாலையில் ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்களில் எங்கள் ஆண்களும் பெண்களும் முகக்கவசமும் பாதுகாப்பு அங்கியும் போட்டுக் கண்ணிவெடி அகற்றினார்கள். குறித்த நேரம் வேலை, பிறகு கட்டாய ஓய்வு. களைத்த கண்ணுக்கு வெடி தெரியாமல் போகலாம் என்பதால் அதை ஒருவரும் சோம்பல் என்று சொல்லவில்லை. வெடி எடுத்த நிலத்தில் பற்றை வெட்டுகிறவருக்கும் கண்ணும் காலும் அதேதானே.

சட்டம் புகுந்த இடங்களும் உண்டு. எங்கள் பொடியள் வேலைக்குப் போகிற கட்டாரில் ஜூன் முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2021இல் கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்கவேண்டும் என்று சட்டம் திருத்தினார்கள். ஆனால் ஒரு நாள் கூலிக்கு ஆள் பிடிக்கிற வளவுக்குள் எந்த அதிகாரியும் வந்து பார்க்கப்போவதில்லை. அங்கே வீட்டுக்காரரின் வாய்தான் சட்டம்.

அதனால் சம்பளம் பேசும்போதே ஓய்வையும் பேசிவிடலாம். பத்து மணிக்குத் தேத்தண்ணி, பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை ஒருவரும் வெயிலில் இறங்கவேண்டாம், விடிய வெள்ளனத் தொடங்கலாம் என்று முதல்நாளே வாயால் சொல்லிவிடவேண்டும். லண்டனுக்கும் அதையே சொல்லவேண்டும். பின்னேரம் வெட்டின இடத்தைப் படம் எடுத்து அனுப்பினால் கணக்குத் தீர்ந்தது. ஆட்கள் மத்தியானம் எங்கே இருந்தார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது.