கேட்குமுன் கொடுப்போம்

பார்வை இழந்தோர் மனம் சோர்ந்திருப்பது இயல்பே என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். உண்மை அதுவன்று. விடுதியில் என் அறை நண்பர் பார்வையற்றவர், வரலாறு பயில்கிறார். மாலைதோறும் அவருக்குப் பாடம் வாசிப்பது என் வழக்கம். ஒருநாள் சொன்னார்: "கண் தெரியாதது பழகிடுச்சு. எதுக்கெடுத்தாலும் 'கொஞ்சம் படிச்சுச் சொல்றியா'ன்னு கேக்குறதுதான் பழகல."

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் தவித்த முதல் மாதங்கள் நினைவிருக்கின்றன. அவருக்கோ அத்தவிப்பு நாள்தோறும்! தேர்வெழுத உதவுபவர் வருவாரா என்ற கவலை, பிறருக்குச் சுமையாகிறோமோ என்ற கூச்சம், நண்பர்கள் கூடிச் சிரிக்கையில் காரணம் புரியாத தனிமை ஆகியவை சேர்ந்தே மனச்சோர்வுக்கு வழி செய்கின்றன. உறக்கம் கெடும், உணவு பிடிக்காது, வகுப்பு கசக்கும்.

பதினைந்து வயதில், 1824-இல், லூயி பிரெய்ல் ஆறு புள்ளிகளைக் கொண்டு 63 குறிகள் அமையும் எழுத்துமுறையை வகுத்தார். பிறரைக் கேளாமல் தானே படிக்கும் பெருமையை அது தந்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு உயர்கல்வி நிலையங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 5 விழுக்காடு இடம் ஒதுக்கியது. இன்று கைபேசியும் நூலை வாசிக்கிறது. ஆனால் மங்கிய நகல் தாளில் அது தடுமாறுகிறது. கரும்பலகை எழுத்திலும் அது தவறக்கூடும்.

நண்பர்களே, அவர்கள் வேண்டுவது இரக்கமன்று. பாடக்குறிப்பை அவர்கள் கேட்குமுன் கொடுப்போம். சிரிக்கும்போது காரணத்தையும் சொல்லிச் சிரிப்போம். ஆசிரியப் பெருமக்கள் கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டும் சொன்னால், கடைசி வரிசை மாணவனும் சேர்ந்து பயன்பெறுவான்.