லண்டனில் கேட்கப்பட்டது

1980-களில் சென்னை நாளிதழ் ஒன்றில் இரவுப் பணி பார்த்த உதவி ஆசிரியர் அவர். டெலிபிரிண்டரில் வந்து விழும் வெளிநாட்டுச் செய்திகளில் பலவற்றுக்கு ஒரு வால் இருக்கும். தெஹ்ரான் வானொலி இப்படிச் சொன்னது, அந்த ஒலிபரப்பு லண்டனில் கேட்கப்பட்டது என்று முடியும். பீக்கிங் வானொலி என்றால் ஹாங்காங்கில் கேட்கப்பட்டது. பத்தியில் இடம் போதாதபோது அவருடைய நீலப் பென்சில் முதலில் வெட்டுவது அந்த வாலைத்தான். வாசகருக்குத் தெஹ்ரான் வேண்டும், லண்டன் எதற்கு?

ஓய்வுபெற்ற பிறகு சித்தியைப் பார்க்க இங்கிலாந்து போனார். இத்தனை வருடம் தான் வெட்டிப் போட்ட வால், சித்தி இருக்கும் ஊரின் குன்றின் மேலேயே இருந்தது என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

அந்த ஊரை எழுத்துக் கூட்டிப் படித்தால் 'ரீடிங்'. ஊர்க்காரர்கள் வாயில் அது 'ரெடிங்'. கண்ணை நம்பாதே, காதை நம்பு என்று ஸ்டேஷன் பலகையே புத்தி சொல்லி அனுப்புகிறது. தேம்ஸ் நதிப் பாலத்தைத் தாண்டினால் கேவர்ஷம். மேடேறிப் போனால் மரக்கூட்டத்துக்கு மேலே வெள்ளைத் தூண்களோடு கேவர்ஷம் பார்க் மாளிகை. பழைய கட்டடம் தீப்பிடித்து எரிந்துபோக, 1850-களில் ஓர் இரும்பாலை முதலாளி கட்டியது. அதற்கு முன்பே அந்தத் தோட்டம் பேர்பெற்றது. 1786-இல் தாமஸ் ஜெபர்சன் வந்து சுற்றிப் பார்த்திருக்கிறார். இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1943-இல், பிபிசியின் ஒலிபரப்புக் கண்காணிப்புப் பிரிவு இங்கே குடியேறியது. 75 ஆண்டுகள் உலகத்தின் பேச்சை இங்கே உட்கார்ந்து கேட்டார்கள்.

"பூட்டின பங்களாவைப் பாக்கவாப்பா இவ்வளவு தூரம் வந்தே?" என்றார் சித்தி.

சித்தி சொன்னது சரிதான். வாயிலோடு சரி, உள்ளே விடவில்லை. ஆகவே மறுநாள் இன்னும் தூரம் போனார். ஆக்ஸ்போர்டு வழியாக உஸ்டர் போகும் ரயிலில் ஈவ்ஷம். பிளம் தோப்புகளுக்கும் தண்ணீர்விட்டான் குருத்துக்கும் பெயர்போன வட்டாரம். ஊருக்கு வெளியே வுட் நார்ட்டன் என்றொரு மாளிகை. பிரெஞ்சு அரச வம்சத்து ஆர்லியன்ஸ் கோமகன் வாழ்ந்த இடம் என்பதால் எந்தப் பக்கம் திரும்பினாலும் பிரான்சின் அல்லிப்பூச் சின்னம். லண்டனில் குண்டு விழுந்தால் ஒதுங்குவதற்காக 1939-இல் பிபிசி இதை வாங்கிப் போட்டது. கண்காணிப்பு வேலை தொடங்கியது இந்த வளாகத்தில்தான், அதே ஆண்டு ஆகஸ்டில்.

வேலை கேட்க எளிது. எதிரியின் வானொலியையும் நண்பனின் வானொலியையும் நாள் முழுக்கக் கேட்டு, மொழிபெயர்த்து, யாருக்கு வேண்டுமோ அவர்களுக்கு அனுப்புவது. ஆனால் ஜெர்மன், செக், போலிஷ், ஹங்கேரியன் மொழிகளைத் தாய்மொழியாகக் கேட்கக்கூடியவர்கள் இங்கிலாந்தில் எங்கே கிடைப்பார்கள்? ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த அகதிகளில் கிடைத்தார்கள். வியன்னாவிலிருந்து வந்த கலை வரலாற்றாளர் எர்ன்ஸ்ட் கோம்ப்ரிக், பிற்பாடு பெரிய பதிப்பாளரான ஜார்ஜ் வைடன்ஃபெல்ட், 'அபத்த நாடகம்' என்ற பெயரை உலகுக்குத் தந்த மார்ட்டின் எஸ்லின் எல்லாரும் அந்தக் காலத்தில் இங்கே காதில் ஹெட்போன் மாட்டியவர்கள். ஈவ்ஷம் குடும்பங்களின் வீடுகளில் அவர்களைத் தங்கவைத்தார்கள். போர்க்காலத்தில் சிறு ஊர், ஜெர்மன் வாடையடிக்கும் ஆங்கிலம், நடுராத்திரியில் வேலைக்குக் கிளம்பும் விருந்தாளி! வீட்டுக்காரம்மாக்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே நம்மவர் ஈவ்ஷம் கடைத்தெருவில் ஒரு டீ குடித்தார்.

ஒலியைப் பதிய மெழுகு உருளைகள். ஒரு முறை கேட்டு எழுதியதும் மேற்பரப்பைச் சீவிவிட்டு மறுபடியும் அதிலேயே பதிவார்கள். குரல் போய்விடும், காகிதம்தான் மிஞ்சும். அந்தக் காகிதத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. எந்த நிலையம், எந்த மொழி, கிரீன்விச் நேரம் எத்தனை மணி என்று தலையில் இருக்கும். கீழே, சொன்னது மட்டும். இரைச்சலில் ஒரு துண்டு விழுங்கப்பட்டால் அந்த இடத்தில் அடைப்புக்குறி போட்டு 'சொற்கள் தெளிவில்லை' என்று எழுத வேண்டும். இட்டு நிரப்பக் கூடாது.

இந்தக் கடைசி விதி சாதாரணமானதல்ல. மங்கலான சிற்றலை ஒலிபரப்பைக் கேட்டுப் பழகியவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். காதில் விழுவது பாதி, மீதியை மனம் போட்டுக்கொள்கிறது. என்ன சொல்லக்கூடும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் என்ன சொல்கிறான் என்பது கேட்கும். அப்படித் தெரிந்திருப்பதாலேயே சொல்லாததும் கேட்டுவிடும். கோம்ப்ரிக் இதை மறக்கவில்லை. கண் எப்படி ஓவியத்தைப் பார்க்கிறது என்பதைப் பற்றி 1960-இல் அவர் வெளியிட்ட 'கலையும் மாயத்தோற்றமும்' என்ற நூலில் இந்தக் காது அனுபவம் வருகிறது. பார்ப்பதும் பாதி ஊகம்தான் என்ற அவருடைய புகழ்பெற்ற கருத்துக்கு ஒரு விதை வுட் நார்ட்டனில் விழுந்ததென்று சொன்னால் தவறில்லை.

1945 மே 1 இரவு. ஜெர்மன் வானொலி, முக்கிய அறிவிப்பு வரப்போகிறது என்று சொல்லிவிட்டுச் சோகமான இசையைப் போட்டுக்கொண்டிருந்தது. வாக்னர், பிறகு ப்ரூக்னரின் ஏழாம் சிம்பொனியில் வரும் மெதுவான பகுதி. அது வாக்னரின் மரணத்தை நினைத்து எழுதப்பட்டது என்பது வியன்னாக்காரரான கோம்ப்ரிக்குக்குத் தெரியும். என்னென்ன செய்தி வரலாம் என்று ஊகித்து, ஒவ்வொன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டார். அறிவிப்பு தொடங்கியதும் வாயைத் திறக்காமல் 'ஹிட்லர் இறந்தார்' என்ற சீட்டைச் சுட்டிக்காட்டினார். பக்கத்திலிருந்தவர் தொலைபேசியை எடுத்தார். சேதி சர்ச்சிலுக்குப் போனது.

இதில் நம்மவருக்குப் பிடித்த விஷயம் சீட்டுகள்தான். ஊகத்தை மனதுக்குள் வைத்துக்கொண்டு கேட்டால் அது காதைக் கெடுக்கும். வெளியே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டால், வருகிற சொல்லோடு ஒப்பிடலாம். இசையை வைத்து மரணத்தைக் கண்டுபிடிக்கும் வித்தை நம் ஊருக்கும் புதிதல்ல. 1984 அக்டோபர் 31 அன்று தில்லி வானொலி மாலைவரை இந்திரா காந்தி இறந்ததைச் சொல்லவில்லை. பிபிசி முன்பே சொல்லிவிட்டது. அன்று செய்தி அறையில் எல்லாருடைய காதும் அறிவிப்பாளரின் குரலில் ஒரு தழுதழுப்பு தென்படுகிறதா என்று தேடிக்கொண்டிருந்தது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அமெரிக்கர்கள் இந்த வேலைக்குச் சற்றுத் தாமதமாகத்தான் வந்தார்கள். 1941 பிப்ரவரியில் தனிப் பிரிவு அமைத்தார்கள். அதன் முதல் ஆய்வறிக்கையின் தேதி 1941 டிசம்பர் 6. டோக்கியோ வானொலியின் தொனியில் பகைமை ஏறிவிட்டது என்றது அறிக்கை. மறுநாள் பேர்ல் ஹார்பர். காது சரியாகத்தான் கேட்டது. எங்கே, எப்போது என்பதை எந்த அறிவிப்பாளரும் மைக்கில் சொல்வதில்லையே.

போர் முடிந்த பின் இரு நாடுகளும் உலகத்தைக் காதால் பங்கு போட்டுக்கொண்டன. சோவியத் ஒன்றியமும் கிழக்கு ஐரோப்பாவும் பெரும்பாலும் பிரிட்டிஷ் காதுக்கு. தூரக் கிழக்கும் லத்தீன் அமெரிக்காவும் அமெரிக்கக் காதுக்கு. கேட்டதைப் பரிமாறிக்கொள்வார்கள். கேவர்ஷம் மாளிகையிலேயே அமெரிக்கர்களுக்கு ஓர் அலுவலகம் இருந்தது.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்க முடியாதா? முடியாது. சிற்றலை வானத்தில் மோதித் திரும்பிக் கண்டம் தாண்டும். மத்திய அலை பகலில் தரையோடு தரையாகத்தான் போகும். ராமேஸ்வரத்தில் பக்கத்து வீட்டுக் குரல்போலக் கேட்கும் இலங்கை நிலையம் பகலில் தில்லியை எட்டாது. பண்பலையோ நகர எல்லையோடு நின்றுவிடும். ஒரு நாடு தன் சொந்த ஜனங்களிடம் பேசுவது இந்த எட்டாத அலைகளில்தான். அயலாருக்காகப் பேசுவது சிற்றலையில். முதல் பேச்சில்தான் விஷயம் இருக்கிறது. ஆகவே அமெரிக்கர்கள் சைப்ரஸ், ஒக்கினாவா, பனாமா, ஹாங்காங் என்று காதுகளை நட்டார்கள். பிபிசி நைரோபியில் ஆப்பிரிக்காவுக்காக ஒன்று வைத்தது. சோவியத் உடைந்த பின் தாஷ்கண்டில் ஒன்று.

இப்படி ஓர் அயல்நாட்டு அலுவலகத்தை நடத்துவதில் ஏரியலும் கருவிகளும் சின்னத் தலைவலி. ஆட்கள்தான் பெரிய தலைவலி. தலைமை இடத்திலிருந்து வருகிறவர்கள் சிலர், உள்ளூரில் சேர்ப்பவர்கள் பலர். வட்டார வழக்கு புரிய வேண்டும், ஆங்கிலமும் எழுத வேண்டும். அதோடு, தன் சொந்த நாட்டுக் கலகத்தைக் காதில் கேட்டுக்கொண்டே கை நடுங்காமல் தட்டச்சு செய்ய வேண்டும். புலம்பெயர்ந்தவருக்கு மொழி தெரியும், கூடவே ஒரு கட்சியும் இருக்கும். அந்தக் கட்சி மொழிபெயர்ப்பில் ஒரு பெயரடையாக நுழைந்துவிடும். அதைப் பிடித்து வெளியே தள்ளத்தான் மேலே ஓர் எடிட்டர். பணி முறையும் நம் கடிகாரப்படி இருக்காது. அந்த நிலையம் எப்போது வாய் திறக்கிறதோ அப்போது.

பத்திரிகைகளும் இதே கதைதான். 1953 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஹாங்காங்கில் லாஸ்லோ லதானி என்ற ஹங்கேரியப் பாதிரியார் சீன அரசு நாளிதழ்களைப் படித்து, மாகாண வானொலிகளைக் கேட்டு, 'சைனா நியூஸ் அனாலிசிஸ்' என்ற சிறு இதழை நடத்தினார். தூதரகங்களும் பேராசிரியர்களும் அதற்காகக் காத்திருந்தார்கள். ஒளித்து எடுத்த ஆவணம் எதுவும் இல்லை. அச்சில் வந்ததை, அச்சில் வந்தது என்ற எச்சரிக்கையோடு படித்தார், அவ்வளவுதான்.

கேவர்ஷத்தின் பெரிய நாள் 1962 அக்டோபர் 28, ஞாயிறு. கியூபாவில் ஏவுகணைகள், உலகமே போருக்குக் காத்திருந்தது. மாஸ்கோ நேரம் மாலை 5 மணிக்கு, வாஷிங்டனில் காலை 9, குருஷ்சேவ் கென்னடிக்கு எழுதிய கடிதத்தை மாஸ்கோ வானொலி வாசிக்கத் தொடங்கியது. ஏவுகணைகளைக் கழற்றி எடுத்துக்கொள்கிறோம் என்பது சாரம். தூதரக வழியில் அனுப்பியிருக்கலாமே? வாஷிங்டனில் சோவியத் தூதராக இருந்த டோப்ரினின் தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு விவரம் சொல்கிறார். அவசரத் தந்திகளைக்கூட சங்கேதத்தில் எழுதி, தந்தி கம்பெனிப் பையன் சைக்கிளில் வந்து வாங்கிப்போகும்வரை காத்திருக்க வேண்டுமாம். அணுகுண்டுகள் தயாராக நிற்கிறபோது சைக்கிளை நம்ப முடியுமா? எதிரி கேட்டுக்கொண்டிருப்பான் என்ற நம்பிக்கையில் வானொலியிலேயே வாசித்தார்கள். ஒட்டுக்கேட்பவனைத் தபால்காரனாக்கிய விநோதம் அது.

தமிழுக்கும் இந்தக் கதையில் ஒரு மூலை உண்டு. இலங்கைப் போரின் ஆண்டுகளில் நவம்பர் 27 மாலை என்றால் கொழும்புப் பத்திரிகைகளும் தூதரகங்களும் 'புலிகளின் குரல்' வானொலியில் பிரபாகரனின் மாவீரர் நாள் உரைக்குக் காத்திருப்பார்கள். அந்த உரையின் ஒரு வினைச்சொல் எதிர்காலத்தைக் காட்டுகிறதா, நிபந்தனையைக் காட்டுகிறதா என்பதை வைத்து மறுநாள் தலைப்பு மாறும். 'போவோம்' வேறு, 'போக நேரிடும்' வேறு. ஆங்கிலத்தில் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களின் பாடு நம்மவருக்குப் புரிந்தது. அவரும் அந்த உரைகளுக்குத் தலைப்பு வைத்தவர்தான்.

முடிவு கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது. 2013-இல் கண்காணிப்புப் பிரிவின் செலவு அரசிடமிருந்து பிபிசி உரிமக் கட்டணத்துக்கு மாறியது. 2016-இல் ஆட்குறைப்பும் மாளிகையைக் காலி செய்வதும் அறிவிக்கப்பட்டன. நாடாளுமன்றப் பாதுகாப்புக் குழு கோபத்தோடு ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் தலைப்பிலேயே 'முட்டாள்தனம்' என்ற சொல் இருந்தது. பலனில்லை. 2018-இல் பிரிவு லண்டனுக்குப் போனது. போர்க்காலக் காகிதங்கள் டக்ஸ்ஃபோர்டில் உள்ள போர் அருங்காட்சியகக் கிடங்கில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன.

கிளம்புவதற்கு முதல் நாள் அவர் குரௌஸ்லி பார்க் போனார். கேவர்ஷத்துக்கு வடக்கே சில மைல். மாளிகைக்கு ஒலியைப் பிடித்துக் கொடுத்த ஏரியல்கள் நின்ற வயல்வெளி. பொதுப் பாதை ஒன்று அதன் ஊடே போகிறது. வெள்ளைத் தட்டு ஆன்டெனாக்கள் வானத்தைப் பார்த்தபடி நிற்க, பக்கத்தில் மாடுகள் அவற்றைச் சட்டை செய்யாமல் மேய்ந்துகொண்டிருந்தன. மழை தூறியது. குடை சித்தி வீட்டில்.

நனைந்து வீடு திரும்பியபோது சித்தி கைப்பேசியில் சென்னைச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். வைஃபை விட்டு விட்டு வந்தது. படம் உறைந்து நின்று, குரல் துண்டு துண்டாகத் தெறித்தது.

"என்ன சித்தி சொல்றாங்க?"

"எனக்கும் சரியாக் கேக்கலப்பா. மழைன்னு ஏதோ வந்துது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருப்பான்."

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார். பெண் அறிவிப்பாளர் மறுபடி அசைந்தார். நான்கு மாவட்டங்களின் பெயர் வந்தது, அப்புறம் வெறும் இரைச்சல்.

"லீவுதான்," என்றார் சித்தி.