தோற்ற வருஷம்



போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேரன் போன் பண்ணினான். மகள் வயிற்றுப் பேரன். கல்லூரியில் இரண்டாம் வருஷம். கால்பந்து அணியில் ஆடுகிறான். இந்த வருஷம் ஆறு ஆட்டம் ஆடி ஆறிலும் தோல்வி.

"தாத்தா, போதும் தாத்தா. புதன்கிழமை கடைசி ஆட்டம். நான் போகல. காய்ச்சல்னு சொல்லிரலாம்னு இருக்கேன்."

காய்ச்சல் என்று கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அவன் ஏழாம் வகுப்பு படிக்கும்போது இங்கே சாத்தான்குளத்தில் எங்களோடு இருந்தான். அப்போது அவனுக்கு உலகமே சென்னையின் எஃப்.சி.தான். 2018 மார்ச் 17-ம் தேதி பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், பெங்களூரு அணியை 3-2 என்று ஜெயித்து இரண்டாவது முறையாக ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கினார்கள். சுனில் சேத்ரி முதல் கோலைப் போட்ட பிறகும் அசராமல், மெயில்சன் ஆல்வ்ஸ் தலையால் முட்டியே இரண்டு கோல் போட்டார். பயல் அன்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்கள்.

அடுத்த தொடரில் அதே அணி, அதே பயிற்சியாளர் ஜான் கிரிகோரி. 18 ஆட்டத்தில் 13 தோல்வி. கணக்கு வாத்தியார் அல்லவா, சொல்லிவிடுகிறேன்: 2 வெற்றிக்கு 6 புள்ளி, 3 டிராவுக்கு 3 புள்ளி, ஆக 9. பத்து அணிகளில் பத்தாவது இடம். சாம்பியன் ஒரே வருஷத்தில் கடைசி பெஞ்சுக்கு வந்துவிட்டது.

நான் பாதியிலேயே டிவியை அணைக்கச் சொல்லிவிட்டேன். அவன் மட்டும் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஆட்டமும் பார்த்தான்.

2019 பிப்ரவரி 9-ம் தேதி சென்னையில் ஆட்டம். எதிரணி மறுபடியும் பெங்களூரு. நம் ஆட்களுக்கு அரையிறுதி வாய்ப்பு எப்போதோ போய்விட்டது. ஜெயித்தாலும் ஒன்றுமில்லை, தோற்றாலும் ஒன்றுமில்லை. ஆனால் 2-1 என்று ஜெயித்தார்கள். அந்தத் தொடரின் கோப்பையைக் கடைசியில் தூக்கியது அதே பெங்களூருதான்! மொத்தமே இரண்டு வெற்றி, அதில் ஒன்று சாம்பியன் ஆகப்போகிறவர்கள் மேல்.

அடுத்த தொடரும் மோசமாகத்தான் தொடங்கியது. முதல் ஆறு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. கிரிகோரி விலகினார், ஓவன் கோய்ல் வந்தார். அணி மெல்ல மெல்ல ஏறி இறுதியாட்டம் வரை போனது. 2020 மார்ச் 14, கொரோனா நேரம், கோவாவில் ஆளில்லாத மைதானத்தில் ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றார்கள். ஆக அங்கேயும் கோப்பை இல்லை.

இதையெல்லாம் பேரனுக்கு ஞாபகப்படுத்தினேன். "அது அவங்க தாத்தா, எங்களுக்கு யாரு இருக்கா?" என்றான். நியாயமான கேள்வி. அதனால்தான் இதுவரை வீட்டில்கூடச் சொல்லாத ஒன்றை அவனிடம் சொன்னேன். இப்போது உங்களிடமும் சொல்கிறேன்.

1975-ல் நான் தூத்துக்குடியில் கல்லூரி மாணவன். அப்போது நம் ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனதே 1986-ல்தான். நான் கல்லூரி அணியின் கோல்கீப்பர். தேரி மணலில் விழுந்து புரண்டு பழகியவன், விழ அஞ்ச மாட்டேன் என்றுதான் என்னை நிறுத்தினார்கள். அந்த வருஷம் ஐந்து ஆட்டத்தில் ஐந்தும் தோல்வி. 19 கோல் வாங்கியிருந்தேன். மெஸ்ஸில் உட்கார்ந்தால் "பத்தொன்பது" என்று கூப்பிடுவார்கள். ஆறாவது ஆட்டம்தான் கடைசி. எங்களை முதலில் 5-0 என்று அடித்த அணியோடு. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டேன்.

எனக்குப் பதிலாக, அதுவரை கோல் கம்பத்துக்குக் கீழே நின்றே பார்க்காத ஒருவனை நிறுத்தியிருக்கிறார்கள். ஆட்டம் 1-1 டிரா. ஜெயித்ததுபோல அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு விடுதிக்கு வந்தார்களாம். ராத்திரி எல்லோரும் கடையில் பரோட்டா சாப்பிட்டார்களாம். திங்கட்கிழமை நான் திரும்பியபோது யாரும் என்னைத் திட்டவில்லை. "காய்ச்சல் சரியாயிட்டாலே?" என்று அவன்தான் முதலில் கேட்டான். உண்மையாகவே கேட்டான். அதற்குப் பிறகு நான் பந்தைத் தொடவில்லை.

தோல்வி வெற்றிக்கு முதல் படி என்று உங்களுக்கெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். எல்லாத் தோல்வியும் படி அல்ல பிள்ளைகளே. எங்கள் ஐந்து தோல்வியும் வெறும் தோல்விதான். அவற்றால் எங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அந்தப் 19 கோலில் ஒன்றுகூட இன்றைக்கு எனக்கு வலிக்கவில்லை. அந்த பஸ் பயணம்தான் வலிக்கிறது.

புதன்கிழமை ராத்திரி பேரன் கூப்பிட்டான்.

"தோத்துட்டோம் தாத்தா. 3-1."

"அந்த ஒண்ண யாருல போட்டா?"

அவ்வளவுதான். கார்னர் யார் அடித்தார், பந்து யார் காலில் பட்டுத் திரும்பியது, இவன் எங்கே நின்றான் என்று அந்த ஒரு கோலைப் பற்றியே கால் மணி நேரம் பேசினான். வாங்கிய மூன்றைப் பற்றி நான் கேட்கவில்லை.

அன்று எனக்குப் பதிலாக நின்றவன் இப்போது மும்பையில் கடை வைத்திருக்கிறான். இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறான், தினமும் எனக்குக் காலை வணக்கம் போடுகிறவன். மாப்ளே, எனக்கு அன்னைக்குக் காய்ச்சல் இல்லடா. ஐம்பது வருஷம் கழிச்சுச் சொல்லுதேன், மன்னிச்சுக்கோ. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது பரோட்டா என் செலவு.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்,
சாத்தான்குளம்