தெருப்படமும் மோட்டார் வண்டியும்

பழைய தெருப்படம் ஒன்று கையிற் கிடைத்தால், மனிதரைப் பார்க்குமுன் மோட்டார் வண்டியைத் தேடுவது எமது வழக்கம். படத்தின் பின்புறத்தில் ஆண்டைக் குறித்துவைக்க மறந்தவர் பலர். வண்டியோ தன் வயதை முகத்திலேயே தாங்கி நிற்கின்றது.

மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். 1948 ஆம் ஆண்டில் அது வெளிவந்தபோது அதன் முன்விளக்குகள் தாழ்வாக இருந்தன. பின்னரே மட்காட்டின் மேலேறின. முன்கண்ணாடி நடுவே பிரிந்து இரு துண்டாக இருந்தது. 1956 இல் அது வளைந்த ஒரே கண்ணாடியாயிற்று. ஆகவே, ஒற்றைக் கண்ணாடி மைனர் நிற்கும் தெருப்படம் 1956 இற்கு முந்தியதன்று எனத் துணிந்து கூறலாம்.

ஆயின், இரட்டைக் கண்ணாடியைக் கண்டதும் படம் 1956 இற்கு முந்தியது என முடிவுகட்டுதல் தகாது. யாழ்ப்பாணத்து வீதிகளில் அவ்வண்டிகள் பல பத்தாண்டுகள் ஓடின. 1990களில் எரிபொருட் தடையால் பெற்றோல் அரிதானபோது மண்ணெண்ணெயிலும் பழைய கார்கள் ஓடின. படம் எந்த ஆண்டிற்கு முந்தியதாகாது என்பதையே வண்டி கூறும். எந்த ஆண்டிற்குப் பிந்தியதாகாது என்பதைக் கூறாது. அதனைக் கடைப் பலகையிடமும் வீட்டு முதியோரிடமுமே கேட்டறிதல் வேண்டும்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபின், வீட்டுப் பெட்டியிலுள்ள படமும் எமக்கு வரலாற்று ஏடேயாம். மாணவர்களே, அதன் பின்புறத்தில் ஊகித்த ஆண்டை எழுதாதீர்கள். அறிந்ததை மட்டும் எழுதுங்கள். பிழையான ஆண்டு பேரப்பிள்ளைகளையும் மயக்கும்.