அன்னாவின் 37 ஆண்டுகள்

தஸ்தயேவ்ஸ்கியைக் கொண்டாடும் நாம் அவருடைய மனைவி அன்னாவை ‘சூதாடி’ நாவலைச் சுருக்கெழுத்தில் எடுத்த இளம்பெண்ணாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். அதற்குப் பிந்தைய அன்னாதான் என்னை அதிகம் உலுக்குகிறார்.

1881இல் கணவர் இறந்தபோது அன்னாவுக்கு வயது 34. மறுமணம் செய்துகொள்ளவில்லை. கணவருடைய படைப்புகளைத் தொகுப்புகளாகத் தானே பதிப்பித்தார். கடிதங்கள், கையெழுத்துப் பிரதிகள், படங்கள் என்று ஒவ்வொன்றாகச் சேகரித்து மாஸ்கோ வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு பிரிவையே உருவாக்கினார். ஸ்தாராயா ரூஸா நகரில் கணவர் பெயரில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். முதுமையில் தன் நினைவுகளையும் எழுதிவைத்தார்.

ரஷ்யப் புரட்சிக்குப் பிந்தைய கொந்தளிப்பில், 1918 ஜூனில், யால்டாவில் இறந்தார். கணவரின் அருகில் அடக்கமாக வேண்டும் என்பது அவர் ஆசை. கணவரின் கல்லறையோ தொலைவில் பெத்ரோகிராதில் (பின்னாளில் லெனின்கிராத்) இருந்தது. யால்டாவிலேயே புதைத்தார்கள். 50 ஆண்டுகள் கழித்து, 1968இல், பேரனின் முயற்சியால் அவருடைய எச்சங்கள் லெனின்கிராதின் அலெக்சாந்தர் நெவ்ஸ்கி மடாலயத்துக்குக் கொண்டுவரப்பட்டு, கணவரின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டன.

தஸ்தயேவ்ஸ்கியை வாசிக்கும் நண்பர்களே, அன்னாவின் நினைவுக் குறிப்புகளையும் அவசியம் வாசியுங்கள். அந்த மேதையை நமக்காகக் காப்பாற்றிக் கொடுத்தவர் அவர்.