பரிவர்த்தனை: ஒரு சொல், ஒரு மனை

தமிழில் 'பரிவர்த்தனை' என்றால் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெறுதல். கன்னடத்தில் 'பரிவர்த்தனெ' என்றால் உருமாற்றம். ஒரே வடசொல் இரு மொழிகளில் இரு திசைகளில் நகர்ந்திருக்கிறது. மொழியியல் மாணவருக்கு இது வகுப்பறை எடுத்துக்காட்டு. சில ஆண்டுகளுக்கு முன் பெங்களூரின் ஓரத்தில் மனை வாங்கிய என் சித்தப்பாவுக்கோ, இருபதாண்டுச் சேமிப்பு பற்றிய வினா.

அவர் பணம் கொடுத்தார், கிரயப் பத்திரம் பெற்றார். தமிழ்ப் பொருளில் பரிவர்த்தனை முடிந்தது. வீட்டுக் கடனுக்கு அணுகியபோது வங்கி கேட்டது கன்னடப் பொருளிலான பரிவர்த்தனையை. வருவாய்த் துறையின் பதிவேட்டில் அந்த நிலம் இன்னும் விளைநிலமாகவே இருந்தது. "பத்திரம் பதிவாயிடுச்சேப்பா, அதுல இருக்கிறது கவர்மெண்ட் சீல்தானே?" என்று கேட்டார். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஆவணத்தைத்தான் பதிவு செய்கிறது; விற்பவரின் உரிமைக்கோ நிலத்தின் தகுதிக்கோ அது சான்றளிப்பதில்லை.

கர்நாடகத்தில் விளைநிலம் மனையாவதற்கு ஒரு வரிசை உண்டு. பெருந்திட்டத்தில் அப்பகுதி குடியிருப்புக்கு ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். சித்தப்பா வாங்கிய காலத்தில், 1964ஆம் ஆண்டு நில வருவாய்ச் சட்டத்தின் 95ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியர் மாற்றத்துக்கு அனுமதி தர வேண்டியிருந்தது. பிறகு திட்டக் குழுமம் மனைப்பிரிவு வரைபடத்தை ஏற்க வேண்டும். சாலையும் பூங்காவும் பொதுவுக்கு ஒப்படைக்கப்பட வேண்டும். சித்தப்பாவின் மனைப்பிரிவில் இவை எதுவும் நடக்கவில்லை. ஆனால் விற்றவரின் துண்டறிக்கையில் 'அப்ரூவ்டு' என்ற சொல் மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது.

சில கூற்றுகள் உலகை வருணிப்பதில்லை, உலகில் ஒரு செயலையே நிகழ்த்துகின்றன என்று ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டு உரைகளில் விளக்கினார். உரியவர் உரிய முறையில் சொன்னால்தான் அச்செயல் நிகழும். 'அனுமதிக்கிறேன்' என்று ஆட்சியர் எழுதினால் நிலம் மாறுகிறது. தரகர் அச்சிட்டால் காகிதம் மட்டுமே மாறுகிறது. 2016ஆம் ஆண்டின் ரேரா சட்டம் தொட்டிருப்பது இந்த இடத்தைத்தான். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அமையும் திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்துவதையே அது தடுக்கிறது.

95ஆம் பிரிவில் இன்னொரு வியப்பும் உண்டு. விண்ணப்பத்துக்கு நான்கு மாதத்துக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும் என்று விதி வகுக்கப்பட்டது. சட்டம் மௌனத்தையும் ஒரு கூற்றாக ஏற்கிறது. ஆனால் மௌனத்துக்கு நகல் எடுத்து வங்கியில் கொடுக்க முடியாது.

நகரம் இந்த இடைவெளிக்குத் தன் சொற்களைப் படைத்துக்கொண்டது. 'ரெவின்யூ சைட்' என்றால் வருவாய் தரும் மனை அன்று. மாற்றப்படாத விளைநிலத்தில் பிரித்த மனை. 2007இல் 110 கிராமங்களும் பல நகராட்சிகளும் பெங்களூரு மாநகராட்சியோடு இணைந்தபின், முறைப்படாத சொத்துகளிடம் வரி வாங்கத் தனிப் பதிவேடு வந்தது. மக்கள் அதைப் 'பி கத்தா' என்றனர். கத்தா வரிக் கணக்கே தவிர உரிமைச் சான்று அன்று. விதிமீறல்களைத் தண்டம் பெற்று முறைப்படுத்தும் திட்டத்தின் பெயர் 'அக்ரம-சக்ரம'. கன்னடத்தில் 'அக்ரம' என்பது முறையற்றது. அதையே தமிழில் 'அக்கிரமம்' என்று கேட்ட சித்தப்பா, "சரியாத்தான் பேர் வச்சிருக்கான்" என்றார். 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அத்திட்டத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது.

கல்வியறிவு என்பதை எழுத்தறிவாகவே நாம் அளக்கிறோம். சித்தப்பா நான்கு மொழிகள் பேசுவார், மூன்றில் படிப்பார். அவருக்குக் கிட்டாதது மொழியன்று. எந்தக் காகிதம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்ற அறிவு. புலம்பெயர்ந்த தொழிலாளர் குடும்பங்களில் முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகம் வந்திருப்பவர்கள், வீட்டில் யாரேனும் முன்பணம் கொடுக்குமுன் மூன்றைக் கேட்கச் சொல்லுங்கள்: நில மாற்ற ஆணை, மனைப்பிரிவு ஒப்புதல், ரேரா பதிவெண். மூன்றையும் தரகர் காட்டும் நகலில் அன்றி, அவற்றை வழங்கிய அலுவலகத்தின் பதிவிலேயே பாருங்கள்.