மின்சாரம் வரும் நேரம் பார்த்து வேகும் பீன்ஸ்

ஹவானா வளைகுடாவின் மறுகரையில் இருக்கிறது குவானபகோவா. கியூபத் தலைநகரின் ஒரு பகுதிதான் என்றாலும் ஓட்டு வீடுகளும் பின்கட்டு முற்றங்களுமாக ஊர்ச்சாயல் மாறாத இடம். அங்கே ஒரு வீட்டுச் சமையலறை மேசையில் கறுப்பு பீன்ஸைப் பரப்பிவைத்து, விரலால் தன் பக்கம் இழுத்து இழுத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார் அறுபதைத் தாண்டிய வீட்டம்மா. உடைந்தவை, சுருங்கியவை, பூச்சி துளைத்தவை எல்லாம் ஓரமாக ஒதுங்கின. நாம் போய்ச் சேர்ந்தது சாயங்காலம். அவர் பார்த்துக்கொண்டிருந்தது மறுநாள் பகல் சாப்பாட்டுக்கான வேலை.

ஹவானா உணவகங்களில் வெளிநாட்டுக்காரர்கள் தேடிப்போய்ச் சாப்பிடுவது 'ரோப்பா வியெஹா'. மாட்டிறைச்சியை வேகவைத்து நார் நாராகப் பிய்த்துத் தக்காளியில் புரட்டிய கறி. ஆனால் உள்ளூர் வீடுகளில் அது அபூர்வம். தன் மாட்டைத் தானே அறுத்து விற்க 2021 வரை கியூப விவசாயிக்கு உரிமை இல்லை, இப்போதும் நிபந்தனைகளோடுதான். வீடு என்றால் சோறும் பீன்ஸும். அதிலும் மேற்கே ஹவானா பக்கம் கறுப்பு பீன்ஸ், கிழக்கே சந்தியாகோ பக்கம் சிவப்பு பீன்ஸ். எது ருசி என்று இரு தரப்பிடமும் கேட்டுவிட்டுச் சண்டை மூட்டாமல் திரும்புவது கடினம்.

மேசையில் இருந்த பீன்ஸ் இரண்டு இடங்களிலிருந்து வந்தது. கொஞ்சம் ரேஷன் கடையில் வாங்கியது. 1962இல் தொடங்கிய ரேஷன் அட்டை, 'லிப்ரெத்தா', இன்னமும் புழக்கத்தில் இருக்கிறது. ஆளுக்கு மாதம் 7 பவுண்டு அரிசி என்பது நெடுநாள் கணக்கு. அண்மை ஆண்டுகளில் எந்த மாதத்துப் பங்கு எந்த மாதம் வரும் என்பது யாருக்கும் தெரியாது. மீதி பீன்ஸ், 2021இல் அரசு அனுமதித்த சிறு தனியார் கடைகளில் ஒன்றில் வாங்கியது. இறக்குமதிச் சரக்கு, விலை பல மடங்கு. இரண்டையும் அவர் கலக்கவில்லை. ரேஷன் பீன்ஸ் பழையதாக இருந்தால் எவ்வளவு ஊறினாலும் வேகாது. புதியது குழைந்துபோன பிறகும் அது கடுக்கென்று நிற்கும். ஆகவே தனித்தனிப் பாத்திரத்தில் ஊறப்போட்டார்.

இப்படிக் கிடைத்ததை வைத்துச் சமைப்பதை ஒரு நாட்டுக்கே தொலைக்காட்சியில் சொல்லிக்கொடுத்தவர் நித்சா வில்லபோல். 'கொசீனா அல் மினூத்தோ' என்ற அவரது நிகழ்ச்சி 40 ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. அதே பெயரில் வந்த புத்தகம் பல வீடுகளில் அட்டை கிழிந்து எண்ணெய் படிந்து கிடக்கிறது. இந்தச் சமையலுக்கு என்ன சாமான் வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டு, இருக்கிற சாமானுக்கு என்ன சமையல் ஆகும் என்று கேட்க ஆரம்பித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அவரோடு பல்லாண்டுகள் நின்று கைவேலை செய்த மார்கோ பகயாவோ என்ற கறுப்பினப் பெண்ணின் பெயர் அந்த அளவுக்கு வெளியே வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை. ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே பீன்ஸை வேகவைத்தார். கொட்டினால் கறுப்பு நிறம் போய்விடும் என்கிறார். அரைக் குடைமிளகாயும் ஒரு லாரல் இலையும் கூடவே போயின. உப்பு போடவில்லை. பீன்ஸ் விரலில் நசுங்கும் பதம் வந்ததும் பக்கத்தில் ஒரு வாணலி ஏறியது. பன்றிக் கொழுப்பு உருகியதும் வெங்காயம், பூண்டு, மீதிக் குடைமிளகாய், பிறகு 'அஹீ கச்சூச்சா'. பார்க்க நம் ஊர் மிளகாயின் குட்டித் தம்பி போல இருக்கும். வாசனை மட்டும்தான், காரம் கிடையாது. கியூபச் சமையலே காரம் அறியாதது. சீரகமும் ஓரிகனோவும் கடைசியில் விழுந்தன. இந்த வதக்கலுக்குப் பெயர் 'சோஃப்ரிட்டோ'. வெந்த பீன்ஸில் ஒரு கரண்டி எடுத்து வாணலியிலேயே போட்டு, கரண்டியின் முதுகால் நசுக்கினார். அந்தக் கூழைத் திரும்பப் பானையில் சேர்த்ததும், தண்ணீராக நின்ற குழம்பு பிடிப்புக்கு வந்தது. மாவு கரைத்துவிடும் வேலையே இல்லை. உப்பும் ஒரு கரண்டி சர்க்கரையும் அப்போதுதான். வினிகர் இறக்குவதற்குச் சற்று முன்பு. புளிப்பு முன்னதாகச் சேர்ந்தால் பீன்ஸின் தோல் இறுகிக்கொள்ளும், பிறகு வேகாது.

இவ்வளவும் ஓர் அடுப்பில் நடந்துவிடவில்லை. வேகவைத்தது மின்சாரப் பிரஷர் குக்கரில். 2005 மார்ச் 8 அன்று, மகளிர் தின உரையில், பிரஷர் குக்கர்களை மலிவு விலையில் வீடுவீடாகக் கொடுக்கப்போவதாக ஃபிடல் காஸ்ட்ரோ அறிவித்தார். மண்ணெண்ணெய் அடுப்புகள் விடைபெற்றன, சமையல் மின்சாரத்துக்கு மாறியது. பிறகு மின்சாரமே காலைவாரியது. 2024 அக்டோபர் 18 அன்று மத்தன்சாஸில் உள்ள அந்தோனியோ கித்தேராஸ் அனல்மின் நிலையம் நின்றுபோக, தீவு முழுவதும் இருண்டது. அதன் பிறகும் நாடு தழுவிய மின்வெட்டுகள் வந்திருக்கின்றன. அன்றாட மின்வெட்டோ மணிக்கணக்கில். அதனால் குக்கர் வேலை மின்சாரம் இருக்கும் நேரத்தில், அது நள்ளிரவாக இருந்தாலும். சோஃப்ரிட்டோவும் கடைசிக் கொதியும் முற்றத்துக் கரி அடுப்பில்.

அந்தக் கரிக்கு ஒரு கதை உண்டு. 'மராபூ' என்ற முள்மரத்தின் கரி அது. 19ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்து, கைவிட்ட கரும்புக் காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் ஆக்கிரமித்துக்கொண்ட அந்நியச் செடி. தமிழ்நாட்டுக் கரிசல் காடுகளில் விடத்தேரை என்கிறோமே, அதே இனம்தான். கியூபாவில் அது விவசாயிகளின் சாபம். ஆனால் அடர்ந்த கட்டை, நின்று எரியும். 2017 ஜனவரியில் 40 டன் மராபூ கரி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து அமெரிக்காவுக்குப் போன முதல் சட்டபூர்வ கியூபச் சரக்கு அதுதான். முற்றத்தில் விசிறிக்கொண்டிருந்த மருமகளுக்கு அந்தப் பெருமையில் ஆர்வம் இல்லை. மூட்டை விலை ஏறியதைத்தான் சொன்னார்.

சாப்பாடு எளிமைதான். பூண்டு வதக்கி வடித்தாற்போல் உதிரியாக ஆக்கிய வெள்ளைச் சோறு, மேலே பீன்ஸ், பக்கத்தில் இரண்டு முறை பொரித்துத் தட்டிய வாழைக்காய். அடிப்பிடித்த சோற்றுக் காந்தலைச் சுரண்டி எடுத்ததும் பேரப்பிள்ளைகள் இருவர் அதற்குப் போட்டி போட்டார்கள். பானையில் பாதியை வீட்டம்மா தொடவிடவில்லை. ஒரு ராத்திரி இருந்தால்தான் குழம்பு இறுகி ருசி ஏறும் என்பது அவர் கட்சி. குளிர்பெட்டிக்கு மின்சாரம் இல்லாத இரவுகளில் இந்த வழக்கமும் ஆபத்தாகிறது. கெட்டுப்போகாமல் இருக்க நடுராத்திரி எழுந்து ஒரு கொதி விடுகிறார்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: நம் பொரியல் பீன்ஸ், ராஜ்மா, கியூபாவின் கறுப்பு பீன்ஸ் மூன்றும் ஒரே தாவர இனம். கறுப்பு கிடைக்காவிட்டால் ராஜ்மாவில் செய்யலாம். கொஞ்சம் கிழக்கே நகர்ந்து சந்தியாகோ பக்கம் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஊறவையுங்கள், நன்றாகக் கொதிக்கவிட்டு வேகவையுங்கள், சீரகத்தைக் கருகவிடாதீர்கள். வினிகரை மட்டும் பீன்ஸ் நசுங்கும் பதம் வருவதற்கு முன் ஊற்றிவிடாதீர்கள்.